முதல் நாவல் தயார். 1000 பிரதி அடிக்கலாமா?

எழுதியவர்: இரவுப்பணி

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த என் முதல் நாவல் போன மாதம் ஒருவழியாக முடிந்தது. இரவுப் பணிக்கு நடுவே கிடைத்த அரைமணி, முக்கால்மணியில் எழுதியது. டெமி என்கிற புத்தக அளவில் பக்கம் கட்டிப் பார்த்தேன், 260 பக்கம் வருகிறது. இனி என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மூன்று பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஓரிடத்திலிருந்து “எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை” என்று ஒரே வரி. இன்னோரிடத்திலிருந்து ஐந்து மாதமாகப் பதிலே இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து நாலே நாளில் போன் வந்தது. “பிரமாதமான எழுத்து, உடனே கொண்டுவந்துவிடலாம்” என்றார்கள். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் மின்னஞ்சலில் ஒரு கட்டணப் பட்டியல் வந்தது. மெய்ப்பு (பிழைதிருத்தம்), அட்டை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண், வெளியீட்டு விழா, சமூக ஊடக விளம்பரம் என்று எல்லாம் சேர்த்து என் நாலு மாதச் சம்பளம். 1000 பிரதி அடிப்பார்களாம். 300 எனக்கு. மீதி 700ஐ அவர்களே உலகம் முழுக்க விநியோகம் செய்வார்களாம். ராயல்டி 50 சதவீதம். மற்றவர்கள் பத்து சதவீதம் தருவதே பெரிய விஷயம் என்கிறார்கள், அதனால் மனம் கொஞ்சம் ஆடுகிறது.

என் மனைவி மட்டும் ஒன்று கேட்டாள்: “அவ்வளவு பிடித்திருக்கிறதென்றால், எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்டீர்களா?” கேட்கவில்லை.

முகநூலில் எனக்கு 2000 நண்பர்கள். பாதிப் பேர் வாங்கினாலே 1000 தீர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு போட்டு வைத்திருக்கிறேன். கணக்கு சரிதானா? பணம் கட்டலாமா, நானே அடித்துக்கொள்ளலாமா, இல்லை மின்னூலோடு நிறுத்திக்கொள்ளலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எழுதியவர்: பக்கம்கட்டி

பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். என் பிழைப்பு பக்கம் கட்டுவது என்பதால் 260 என்ற எண்ணில்தான் என் கண் போய் நின்றது. ஆஃப்செட்டில், அதாவது பிளேட் போட்டு மொத்தமாக அடிக்கும் அச்சில், ஃபாரம் கணக்கு. ஒரே தாளில் அடித்து மடிக்கிற பக்கங்கள் ஒரு ஃபாரம். ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம், 16 ஃபாரம் என்றால் 256. நீங்கள் நாலு பக்கம் அதிகம். அந்த நாலு பக்கத்துக்காகப் பதினேழாவது ஃபாரத்தில் கை வைக்க வேண்டிவரும். தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், சமர்ப்பணம் எல்லாம் அந்த 260இல் அடக்கமா என்றும் பாருங்கள். அடக்கமில்லை என்றால் இன்னும் ஏறும்.

அட்டையை முதலில் செய்யாதீர்கள். புத்தகத்தின் முதுகு எவ்வளவு தடிமன் என்பது பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. பக்கம் முடிவாகும் முன் அட்டை செய்தவர்களின் தலைப்பு முதுகிலிருந்து வழுக்கி முன்னட்டையில் ஏறியதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் இப்போதே ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுங்கள். பிறகு மின்னூல் போடும்போது கொம்பு ஓரிடம் கால் ஓரிடம் என்று சிதறிப்போய் நிற்கும்.

மெய்ப்பை மட்டும் நீங்களே பார்க்காதீர்கள். என் கையில் வந்த ஒரு நாவலில் நாயகியின் அத்தை முன்பாதியில் காமாட்சி, பின்பாதியில் மீனாட்சி. எழுதியவர் ஏழு முறை படித்தவர்!

எழுதியவர்: ஐந்நூறுபிரதி

தம்பி, என் பெயரைப் பார்த்தாலே கதை புரிந்திருக்கும். முதல் நாவலுக்கு நானும் பணம் கட்டினேன். அவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. 500 பிரதி. 150 எனக்கு, 350 அவர்களிடம். இரண்டு வருடம் கழித்து ஒரு போன் வந்தது. “குடோனைக் காலி செய்கிறோம், எடுத்துக்கொள்கிறீர்களா, பழைய பேப்பருக்குப் போட்டுவிடவா?” என்றார்கள். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். எட்டுப் பெட்டி வந்து இறங்கியது. எண்ணிப் பார்த்தேன், 309 இருந்தது. அதாவது இரண்டு வருட உலக விநியோகத்தில் போனது 41. அந்த 41இல் 26 பேர் என் அலுவலகத்துக்காரர்கள், நான் கெஞ்சி வாங்க வைத்தவர்கள். பெட்டிகள் கட்டிலுக்கடியில் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் போய் இடிக்கும். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தால், இராமபாணப் பூச்சி முதல் அத்தியாயத்திலிருந்து ஏழாவது அத்தியாயம்வரை ஒரே நேர்க்கோட்டில் துளை போட்டிருந்தது. என் நாவலை அவ்வளவு தூரம் விடாமல் படித்தது அது ஒன்றுதான்.

சரி, உங்கள் 50 சதவீதத்துக்கு வருகிறேன். எதில் 50 என்று கேளுங்கள். எனக்கும் அதே 50தான் சொன்னார்கள். அட்டை விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்கும் விநியோகஸ்தருக்குமாகக் கழிவு 50 போனது. மீதி 50இல் அச்சுச் செலவு என்று 30 எடுத்தார்கள். நின்றது 20. அதில் பாதி, அதாவது 10, எனக்கு. பைசா கட்டாமல் பதிப்பகம் வழியாக வந்தவருக்கு அட்டை விலையில் 10 சதவீதம் என்றால் அவருக்கும் அதே 10தான். நான் பணமும் கட்டி அதே 10ஐ வாங்கினேன். அச்சுக்குத்தான் முன்னாலேயே கட்டிவிட்டேனே, மறுபடி எதற்குக் கழிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ஒப்பந்தத்தின் நாலாவது பக்கத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன், இருந்தது. முதல் பக்கத்தைப் படித்துவிட்டு ஆறாவது பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். யாரைக் குறை சொல்ல?

அந்த ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு முள் இருந்தது. அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு எல்லா உரிமையும் பத்து வருடத்துக்கு அவர்களுக்கு. ஒலிநூல் போடும் உத்தேசமே அவர்களுக்கு இல்லை, ஆனாலும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். இன்னொன்று, ‘புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும்’ என்ற வரி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மின்னூலாக ஒரு தளத்தில் கிடந்தாலோ, ஒருவர் கேட்டால் ஒரு பிரதி அடித்துத் தரும் வசதி இருந்தாலோ, புத்தகம் ‘அச்சில் இருக்கிறது’ என்றே ஆகிவிடும். அந்தப் பத்து வருடமும் உரிமை திரும்பாது. அதனால் ‘வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும்’ என்று எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். பதிப்பகம் நல்ல பதிப்பகமாக இருந்தாலும் கேளுங்கள், தப்பில்லை. கூடவே மாறாத இன்னொரு விஷயம்: ஐஎஸ்பிஎன்னின் 13 இலக்கத்துக்குள்ளேயே பதிப்பாளர் யார் என்பதற்கு ஒரு பகுதி உண்டு. அவர்கள் பெயரில் வாங்கிய எண்ணைத் தூக்கிக்கொண்டு நீங்கள் வெளியே வர முடியாது. அட்டையின் மூலக் கோப்பும் எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டாம் பதிப்புக்குப் புது எண், புது அட்டை, எல்லாம் முதலிலிருந்து.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி விசாரிக்க ‘ரைட்டர் பிவேர்’ என்ற தளம் 1998லிருந்து இருக்கிறது. எழுத்தாளர்களே நடத்துவது. பதிப்பகத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அதில் இல்லை என்பதற்காக நல்லவர்கள் என்று அர்த்தமில்லை, இருந்தால் மட்டும் ஓடிவந்துவிடலாம்.

இரண்டாவது நாவலுக்கு என்ன செய்தேன் என்று சொல்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கினேன். காசு கொடுத்து வாங்குவார் என்று தோன்றியவர்களின் பெயரை எழுதினேன். 212 பெயர் வந்தது. பிறகு ஒவ்வொரு பெயருக்கும் நேரே, ‘இவர் கடைசியாகக் காசு கொடுத்து ஒரு நாவல் வாங்கியது எப்போது?’ என்று கேட்டுக்கொண்டு, பதில் வராத பெயரைக் கோடு போட்டு நீக்கினேன். சொந்தக்காரர்கள் மொத்தமாகப் போனார்கள், அவர்களுக்கு இலவசப் பிரதிதான் பழக்கம். லைக் போடுகிறவர்களில் முக்கால்வாசி போனார்கள். நின்றது 64. டிஜிட்டல் அச்சில் 80 அடித்தேன். ஆஃப்செட்டில் பிளேட் போடும் செலவு இருப்பதால் நிறைய அடித்தால்தான் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். டிஜிட்டலில் பத்து அடித்தாலும் நூறு அடித்தாலும் ஒரு பிரதியின் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘1000 அடித்தால் மலிவு’ என்று அச்சகத்தில் சொல்வது பொய்யல்ல. ஆனால் விற்காத 900க்கும் சேர்த்துத்தான் அந்த மலிவு. 80 போனதும் 50 அடித்தேன், அப்புறம் இன்னொரு 50, தீரத் தீர இப்படியே. மூன்று வருடத்தில் 430 போயிருக்கிறது. பெரிய எண் இல்லை. ஆனால் கட்டிலுக்கடியில் ஒன்றுமில்லை.

யார் வாங்கினார்கள் என்பதுதான் எனக்கே ஆச்சரியம். கதை ஒரு தையற்காரியைப் பற்றியது. ‘என் நாவல் வந்துவிட்டது, வாங்குங்கள்’ என்று ஒரு மாதம் பதிவு போட்டதில் வந்தது 11 பேர். சலித்துப்போய், பெல்ட் அறுந்த மெஷினில் அவள் சக்கரத்தைக் கையால் சுற்றியே கடைசி ரவிக்கையை முடிக்கிற காட்சியை மட்டும் எடுத்து, விலை, விவரம் எதுவும் போடாமல் பதிவிட்டேன். அது தைக்கிறவர்களின் ஒரு குழுவுக்குள் போய்விட்டது. ‘பாபின் காலியாகும்போது வருகிற சத்தத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள்’ என்று ஒருவர் எழுதினார். அந்த வாரம் 37 பிரதி. அவர்களில் பலர் அதற்குமுன் நாவலே வாங்காதவர்கள். நோட்டில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. என் கணக்கும் தப்பத்தான் செய்தது, நல்ல பக்கமாகத் தப்பியது. அதனால்தான் கேட்கிறேன்: இவ்வளவு எழுதினீர்களே தம்பி, உங்கள் நாவல் எதைப் பற்றி என்று ஒரு வரிகூட எழுதவில்லையே?

மதிப்புரை விஷயத்தில் ஒரு அசட்டுத்தனமும் செய்தேன். என் தம்பியும் அவன் மனைவியும் ஒரு தளத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டுப் புகழ்ந்து தள்ளினார்கள். மூன்று நாளில் நீக்கப்பட்டது. தப்பு எங்கள் மேல்தான். விற்பனைத் தளங்களில் குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் மதிப்புரை எழுதக்கூடாது என்பது பொதுவான விதி, காசு கொடுத்து எழுதவைப்பதும் அப்படியே. அறிமுகமில்லாத 15 பேருக்குக் கைப்பட ஒரு சீட்டு எழுதிவைத்து முன்கூட்டியே பிரதி அனுப்பினேன். எழுதினால்தான் தருவேன் என்று நிபந்தனை போடவில்லை. நாலு பேர் எழுதினார்கள். அதில் ஒருவர் கடைசி அத்தியாயம் தேவையில்லை என்றார். அவர் சொன்னது சரி.

எழுதியவர்: கல்லாப்பெட்டி

கடைக்காரன் தரப்பிலிருந்து. ‘உலகம் முழுக்க விநியோகம்’ என்றால் பெரும்பாலும் ஒரு பட்டியலில் பெயர் சேரும், அவ்வளவுதான். பட்டியலில் இருப்பது வேறு, அலமாரியில் இருப்பது வேறு. யாராவது வந்து கேட்டால் நான் வரவழைக்கலாம், யாரும் கேட்கவில்லை என்றால் அந்தப் புத்தகம் இருப்பதே எனக்குத் தெரியாது.

வரவழைக்கும் முன் நான் பார்ப்பது இரண்டே விஷயம்: கழிவு எவ்வளவு, விற்காவிட்டால் திருப்பலாமா. கேட்டபோது அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பும் இன்கிராம்ஸ்பார்க் போன்ற இடத்தில் புத்தகத்தைப் பதியும்போதே இந்த இரண்டையும் ஆசிரியர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். திருப்ப முடியாது என்று போட்டிருந்தால், அறிமுகமில்லாத முதல் நாவலைத் தொடவே மாட்டேன். திருப்பலாம் என்று போட்டால் நான் அனுப்பும் பெட்டியின் செலவு அவர் தலையில். இந்தத் திருப்பும் வழக்கம் 1930களின் பொருளாதார மந்தத்தில் அமெரிக்கப் பதிப்பகங்கள் கடைகளைத் தாங்கிப்பிடிக்க ஆரம்பித்தது. மந்தம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை.

புதியவர்கள் நேரில் வந்து ஐந்து பிரதி கொடுத்தால் விற்றபின் பணம் என்று நான் வாங்கிக்கொள்வேன். ஒரு சீட்டில் தேதி, எண்ணிக்கை, கழிவு, எத்தனை மாதத்தில் கணக்கு என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் கூச்சத்தில் சீட்டே கேட்பதில்லை, பிறகு எத்தனை கொடுத்தோம் என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒருவர் வாரம் தவறாமல் வருவார். வாடிக்கையாளர் போலச் சுற்றிவிட்டு, தன் புத்தகத்தை அடி அலமாரியிலிருந்து எடுத்து வாசல் மேஜையில் வைத்துவிட்டுப் போவார். அவர் போனதும் நான் எடுத்து உள்ளே வைப்பேன். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

எழுதியவர்: இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நேற்று அந்த மூன்றாவது பதிப்பகத்துக்குப் போன் செய்தேன். எந்த அத்தியாயம் பிடித்தது என்று கேட்டேன். “முழுவதுமே அருமை சார்” என்றார். நாயகனின் தொழில் என்னவென்று ஞாபகம் இருக்கிறதா என்றேன். ஒரு நிமிடம் சத்தமில்லை. அப்புறம், இந்த வாரத்துக்குள் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடி என்றார். வைத்துவிட்டேன்.

நாவல் ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநரைப் பற்றியது. நான் வேலை பார்ப்பது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில். அதை ஏன் முதலிலேயே எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். பதில் வராத பதிப்பகத்துக்காக எவ்வளவு நாள் காத்திருப்பது? மின்னூலை இப்போதே போட்டுவிடலாமா?

எழுதியவர்: ஐந்நூறுபிரதி

அந்த ஒரு நிமிட மௌனம் உங்களுக்கு நாலு மாதச் சம்பளத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

ஐந்து மாதம் ஆகிவிட்டதே, மரியாதையாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். ஒரே நேரத்தில் பல இடத்துக்கு அனுப்பலாமா என்பதை அவரவர் விதிமுறையில் போட்டிருப்பார்கள், அதைப் படித்துவிட்டு அனுப்புங்கள். முகவர் வழியாகத்தான் பார்ப்போம் என்று சொல்கிற பதிப்பகங்களும் உண்டு. முகவர் என்றால் உங்களுக்கு வரும் தொகையில் பொதுவாக 15 சதவீதம், வெளிநாட்டு உரிமைக்கு 20 என்று எடுத்துக்கொள்வார். படித்துப்பார்க்கவே கட்டணம் கேட்டால் அவர் முகவர் இல்லை, அந்த மூன்றாவது பதிப்பகத்தின் சித்தப்பா.

மின்னூலில் மட்டும் அவசரப்படாதீர்கள். வெளியாகிவிட்ட நாவலைத் தொடப் பல பதிப்பகங்கள் யோசிக்கும். பதிப்பகமே வேண்டாம், நானே போடுகிறேன் என்று முடிவெடுத்த பிறகு போடுங்கள். அமேசானின் கிண்டிலில் போடும்போது ‘கேடிபி செலக்ட்’ என்று ஒரு கட்டம் வரும். டிக் போட்டால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெந்தக் கடையிலும் இருக்கக்கூடாது, உங்கள் சொந்த வலைப்பூவிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. நீங்கள் நிறுத்தாவிட்டால் 90 நாள் தானாகவே நீளும். பதிலுக்கு, சந்தாக்காரர்கள் படிக்கிற பக்கக் கணக்குக்குப் பணம் வரும். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எல்லாத் தளத்திலும் கிடைக்க வேண்டுமென்றால் டிராஃப்ட் டு டிஜிட்டல் போன்ற இடத்தில் ஒருமுறை ஏற்றினால் பல கடைகளுக்கு அவர்களே அனுப்புவார்கள், விற்பனை விலையில் ஏறக்குறைய 10 சதவீதம் அவர்களுக்கு. இரண்டையும் ஒன்றாகச் செய்ய முடியாது. எனக்கு எது நல்லது என்று தெரிய ஒரு வருடம் பிடித்தது. என் வாசகர்கள் மின்னூலே படிப்பதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

நோட்டை மட்டும் இன்றைக்கே ஆரம்பியுங்கள். ராத்திரியில் வண்டி ஓட்டுகிறவர்களிடமிருந்து தொடங்குங்கள்.

எழுதியவர்: இரவுப்பணி

நோட்டு வாங்கியாயிற்று. இப்போதைக்கு 48 பெயர், அதில் 19 பேர் ஓட்டுநர்கள். முதல் அத்தியாயத்தை இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்ட்ரெச்சர் பூட்டு அந்தப் பக்கம் திறக்காது என்று ஒருவர் சொன்னார். திருத்திவிட்டேன்.

பக்கம்கட்டி, தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் 260இல் அடக்கம்தான். முன்னுரை நாலு பக்கம் இருக்கிறது, நானே எனக்கு எழுதிக்கொண்டது. அதைத் தூக்கிவிட்டால் 256க்கு வந்துவிடுமா?